எபிடாரஸ் அரங்கம்: நாணயச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

கிரேக்க நாட்டின் பழங்கால நாடக அரங்கம் இருக்கும் எபிடாரஸுக்குக் காலை பத்து மணிக்கு மேல் போனால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். சுற்றுலா பஸ் வந்து நிற்கும், நாற்பது பேர் இறங்குவார்கள். வழிகாட்டி வட்டத் தரையின் நடுக்கல்லில் நின்று ஒரு நாணயத்தைக் கீழே போடுவார். மேலே உட்கார்ந்தவர்கள் "கேட்டது, கேட்டது" என்று கையசைப்பார்கள். பிறகு படம், கழிப்பறை, பஸ். மொத்தமே இருபத்தைந்து நிமிடம். 2300 வருடம் பழைய அரங்கத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள், அங்கே உட்கார்ந்த நேரம் ஒரு காபி குடிக்கும் நேரம்கூட இல்லை.

நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை தனியாகப் போய் ஒரு நாள் முழுக்க இருந்தபோதுதான் இது பார்க்கிற இடமில்லை, உட்காருகிற இடம் என்று புரிந்தது. அப்படி ஒரு நாளைச் செலவழிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த எபிடாரஸ்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் நான் அரை நாளைத் தொலைத்தேன். பஸ் நிலையத்தில் "எபிடாரஸ்" என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்கினேன். இறக்கிவிட்ட இடத்தில் கடல், படகு, ஆரஞ்சுத் தோட்டம் எல்லாம் இருந்தது. நான் தேடி வந்த அரங்கம் இல்லை.

அந்தப் பெயரில் அங்கே பல இடங்கள் உண்டு. பழைய எபிடாவ்ரோஸ் கடற்கரை ஊர். புதிய எபிடாவ்ரோஸ் அதற்கு வடக்கே இன்னொரு ஊர். பெரிய அரங்கம் இருப்பது இரண்டிலும் இல்லை. உள்நாட்டில், லிகூரியோ என்ற சிற்றூரை ஒட்டி, அஸ்கிலிப்பியஸ் என்ற கிரேக்கக் கடவுளின் கோயில் வளாகத்தில் இருக்கிறது. குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே பழைய எபிடாவ்ரோஸிலும் ஒரு சிறிய பழங்கால அரங்கம் உண்டு. அதுவும் அழகுதான். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் படத்தில் உள்ளது அதுவல்ல.

ஆகவே சீட்டு வாங்கும்போது "ஆர்ஹேயோ தேஆத்ரோ", அதாவது பழங்கால அரங்கம் என்று கேளுங்கள். பஸ் முகப்பில் "அஸ்கிலிப்பியோ" என்று போட்டிருந்தால் சரியான வண்டி. கைபேசி வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தேடாமல் அரங்கத்தையே குறியுங்கள்.

எப்போது போகலாம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. ஏப்ரலில் கோயில் வளாகம் முழுக்கக் காட்டுப் பூக்கள், சிவப்புப் பாப்பிகள். அக்டோபரில் வெயில் இறங்கி, கூட்டம் குறைந்திருக்கும்.

ஜூலை, ஆகஸ்டு கடுமை. நம்மூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அங்கே சிக்கல் வேறு: அரங்கத்தில் ஒரு கைப்பிடி நிழல் கிடையாது, வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல் வெயிலை வாங்கித் திருப்பி முகத்தில் அடிக்கும். வெப்ப அலை உச்சத்தில் இருக்கும் நாட்களில் கிரேக்க அரசு தொல்லியல் இடங்களை நண்பகலில் மூடிவிடுவதும் நடந்திருக்கிறது. ஆனால் நாடகம் பார்க்க வேண்டுமென்றால் கோடையைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. கோடை விழா நாட்களில் வட்டத் தரையில் மேடை அமைப்பும், ஓரங்களில் விளக்குக் கம்பங்களும், ஒலிக் கருவிகளும் நிற்கும். வெறும் அரங்கத்தைப் படம் எடுக்கக் கனவு கண்டவர்கள் ஏமாறுவார்கள்.

செலவைச் சுருக்க நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் அரசுத் தொல்லியல் இடங்களில் நுழைவு இலவசம். மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28, செப்டம்பர் கடைசி வார இறுதி ஆகிய நாட்களிலும் அப்படியே. மற்ற நாட்களுக்கான கட்டணமும் நேரமும் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டை அங்கேயே இணையத்தில் வாங்கலாம்.

போய்ச் சேர்வது

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போவதாக இருந்தால் அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்துங்கள், நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஏதென்ஸ் போவது வழக்கமான பாதை.

ஏதென்ஸிலிருந்து அரங்கம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம். வழியில் கொரிந்து கால்வாய் வரும். 1893-இல் வெட்டி முடித்தது, ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். பாலத்தில் நின்று பத்து நிமிடம் எட்டிப் பார்க்கலாம். கார் வாடகைக்கு எடுப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள். சுங்கச்சாவடிக்குச் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். நாஃப்பிலியோ என்ற பக்கத்து ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து அரங்கம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏதென்ஸிலிருந்து நாஃப்பிலியோவுக்குக் 'கேடெல்' என்ற வெளியூர் பஸ்கள் ஒழுங்காக ஓடுகின்றன. நாஃப்பிலியோவிலிருந்து அரங்கத்துக்குப் போகும் பஸ்தான் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. போனதும் முதல் வேலையாகத் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேராக இருந்தால் டாக்சி பேசிவிடுவது நிம்மதி.

காரில் போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரிசு உண்டு. நாஃப்பிலியோவிலிருந்து போகும் அதே சாலையோரம் ஆர்க்கடிக்கோ என்ற இடத்தில், கி.மு. 1300 வாக்கில் கட்டிய கல்பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. சாந்து இல்லாமல் பெரிய பெரிய கல்லாக அடுக்கியது. அரங்கத்தையே புதுக் கட்டடம் என்று சொல்ல வைக்கும் பாலம்.

கிளம்பும் முன் ஒரு நாடகம் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரே ஒரு நாடகம் போதும், ஒரு மாலையில் படித்துவிடலாம். பழங்கால கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'வைப் படித்தால் ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது: நவீன காலத்தில் இந்த அரங்கத்தில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது அதுதான், 1938-இல். அவர் காலத்தவரான யூரிப்பிடிஸின் 'மீடியா'வும் நல்ல தேர்வு. கி.மு. 431-இல் ஏதென்ஸில் நாடகப் போட்டிக்கு வந்தது. கணவன் செய்த துரோகத்துக்காகத் தன் பிள்ளைகளையே கொல்லும் ஒரு தாய். படித்து முடித்த இரவு தூக்கம் வராது.

படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பேசும் நடிகர்கள் மூன்று பேர்தான். முகமூடியை மாற்றிக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் அவர்களே செய்தார்கள். ஒரு காட்சியில் மூன்று பேருக்கு மேல் பேசாததன் காரணம் அது. இரண்டு, கோரஸ். பன்னிரண்டு பேராக இருந்து சோஃபக்ளீஸ் காலத்தில் பதினைந்து ஆன குழு. ஆடிப் பாடி, கதைக்குள் நுழைந்து அறிவுரை சொல்லி, பயந்து, அழுது, ஆனால் நடப்பதைத் தடுக்க முடியாமல் நிற்கிற ஊர் மக்கள். புத்தகத்தில் கோரஸ் பகுதி சலிப்பாக இருக்கும், தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள். அரங்கத்தின் வட்டத் தரை முழுக்க அவர்களுக்காகவே போடப்பட்டது.

கையில் என்ன, காலில் என்ன

காலில் பிடிமானமுள்ள தட்டையான காலணி. ஆயிரக்கணக்கான வருடம் மிதிபட்ட சுண்ணாம்புக்கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்புடன் இறங்கிய ஒருவர் மூன்று படி சறுக்கி உட்கார்ந்ததை நானே பார்த்தேன். தொப்பி, தண்ணீர், உட்கார மடித்துப் போட ஒரு துண்டு. துண்டு என்று சாதாரணமாகச் சொல்கிறேன், வெயில் ஏறிய கல்லில் உட்கார்ந்து பார்த்தால் அருமை தெரியும். படி ஏறக் கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் வரிசைகளோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. தரைமட்டம் வரை நடந்து வர முடியும்.

காலை எட்டு மணி: நேராக அரங்கத்துக்கு

வளாகம் காலை எட்டுக்குத் திறக்கும். வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் அருங்காட்சியகம், கோயில் எதையும் பார்க்காமல் நேரே அரங்கத்துக்கு நடங்கள். பைன் மரங்களுக்கு நடுவே சில நிமிட நடை. பஸ் கூட்டம் வர இன்னும் ஒன்றரை மணி நேரமாவது இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் நாஃப்பிலியோவில் தங்கச் சொன்னேன்.

நுழையும்போது பக்கவாட்டில் உயரமான கல் வாசல் ஒன்று வரும். 'பாரடோஸ்' என்று பெயர். அந்தப் பக்கமும் அதே போல் ஒன்று. கோரஸ் ஆடிக்கொண்டே உள்ளே வந்த வழி இது. சும்மா கடந்துவிடாமல் ஒரு விநாடி நின்று, அவர்கள் கண்ணில் பட்டதைப் பாருங்கள்: ஒரு பக்கம் மலை போல எழும் மக்கள், ஒரு பக்கம் மேடைக் கட்டடம், நடுவில் வெறும் மண் வட்டம்.

அந்த வட்டத்துக்கு 'ஓர்கெஸ்ட்ரா' என்று பெயர். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வயலினும் கோட்டும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் அதன் பொருள் ஆடுமிடம். விட்டம் சுமார் 20 மீட்டர். நடுவிலுள்ள வட்டக் கல் பலிபீடம் இருந்த இடமாகக் கருதப்படுகிறது. அப்படியே 'தியேட்டர்' என்பதன் வேரான 'தியாட்ரான்' பார்க்கும் இடம், அதாவது இருக்கைப் பகுதி மட்டும். 'ஸ்கீனே' என்றால் கூடாரம். நடிகர்கள் முகமூடி மாற்றிய பின்கட்டடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே ஸ்கீனேயின் அடித்தளம் மட்டும் மிச்சம்.

அந்தக் கட்டடம் போனதில் நமக்கு ஒரு லாபம் என்று எனக்குப் படுகிறது, தொல்லியலாளர்கள் கோபிக்கக்கூடாது. உயர்ந்த பின்சுவர் மறைக்காததால், மேலே உட்கார்ந்தால் மரங்களும் பள்ளத்தாக்கும் மலைகளும் நாடகத்தின் பின்திரையாகிவிடுகின்றன. லிகூரியோவுக்கு வடக்கே இருப்பது அரக்னேயோன் மலை. எஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தில், டிராய் வீழ்ந்த செய்தியை மலைக்கு மலை தீ மூட்டி அனுப்புவார்கள். அகமெம்னோன் அரண்மனைக்கு முந்தைய கடைசித் தீ எரிவது அந்த மலையில்தான்.

மூன்று இடத்தில் உட்காருங்கள்

அரங்கத்தைப் புரிந்துகொள்ள நான் கண்ட எளிய வழி இது. முதலில் கீழ் வரிசை. முதுகு சாய்க்கும் கல் இருக்கைகள் அங்கே உண்டு, முக்கியஸ்தர்களுக்கு. மற்ற இருக்கைகளைக் குனிந்து பாருங்கள். உட்காரும் கல்லுக்குக் கீழே முன்பக்கம் உள்வாங்கிச் செதுக்கியிருக்கும். காலைப் பின்னுக்கு இழுத்து உட்கார இடம், பின்னாலிருப்பவர் நடந்து போக வழி. இன்றைய விமான நிறுவனங்கள் வந்து கற்றுக்கொள்ளலாம்.

வட்டத்தைச் சுற்றித் தாழ்வாக ஒரு கல் பாதை ஓடுவதும் தெரியும். மழை நீர் வடிகால். மலைச்சரிவில் கிண்ணம் போலக் கட்டிவிட்டு மழையை மறந்தால் என்னாகும் என்று யோசித்துச் செய்த வேலை.

அடுத்து நடுப்பாதை. கீழே 34 வரிசை, மேலே 21 வரிசை, இடையில் அகலமான நடைவழி. மேல் பகுதி பின்னால், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டது என்பது பரவலான கருத்து. கீழே படிகள் பிரிக்கும் துண்டுகள் 12, மேலே 22. இங்கே நின்று இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பாருங்கள். இருக்கைகள் முழு வட்டத்தின் பாகமாகத் தோன்றும், ஆனால் இல்லை. நடுவிலுள்ள எட்டுத் துண்டுகளுக்கு ஒரு மையம். ஓரத்துத் துண்டுகளுக்கு மையத்தைத் தள்ளி வைத்து, வளைவைக் கொஞ்சம் விரித்துவிட்டார்கள். அதனால் ஓரத்தில் உட்கார்ந்தவர் எதிர்வரிசைக்காரர் முகத்தைப் பார்க்காமல் மேடையைப் பார்க்க முடிகிறது. யாரும் கவனிக்காத இந்தச் சின்ன விலகல்தான் கட்டியவரின் கைவண்ணம். அவர் ஆர்கோஸைச் சேர்ந்த பாலிக்ளிட்டஸ் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பவுசானியஸ் குறிப்பிடுகிறார். ரோமானியர் பெரிய அரங்கம் கட்டலாம், அலங்காரம் செய்யலாம், ஆனால் இசைவிலும் அழகிலும் பாலிக்ளிட்டஸோடு யார் போட்டியிட முடியும் என்பது அவர் கேள்வி.

34, 21, இரண்டும் கூட்டிய 55 எல்லாம் ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை), ஒன்றை ஒன்றால் வகுத்தால் அழகுக்கு அளவுகோல் எனப்படும் பொன் விகிதம் வருகிறது என்று வழிகாட்டிகள் கண்ணை விரித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். மேல் பகுதி உண்மையிலேயே நூற்றாண்டு கழித்து ஒட்டப்பட்டதென்றால் அந்த விகிதம் தற்செயல் என்றும் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உச்சி வரிசை. தரையிலிருந்து 22 மீட்டர் உயரம், நடுக்கல்லிலிருந்து கிட்டத்தட்ட 60 மீட்டர். இங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். கைபேசியைப் பைக்குள் போடுங்கள். ஊரில் படித்த நாடகத்தை எடுத்து ஒரு கோரஸ் பகுதியை மட்டும் மெல்ல வாசியுங்கள். சிள்வண்டுகள் தவிர வேறு சத்தம் இருக்காது. எனக்கு மொத்தப் பயணத்தில் நினைவில் நிற்பது அந்த அரை மணி நேரம்.

அந்த நாணய விஷயம்

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். நடுவில் நாணயம் போட்டால், தீக்குச்சி உரசினால், முணுமுணுத்தால்கூட உச்சி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது பிரபலமான பேச்சு. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கருவிகளோடு வந்து அளந்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணயச் சத்தம் அரங்கம் முழுக்க ஏதோ சத்தமாகக் கேட்கிறது, ஆனால் அது நாணயம் என்று தெரிவது பாதி உயரம் வரைதான். முணுமுணுப்பு முன்வரிசையோடு சரி. ஓங்கிப் பேசினால் கடைசி வரிசைக்கும் சொல் புரிகிறது.

இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு இதில்தான் வியப்பே. ஒலிபெருக்கி இல்லாமல், கூரை இல்லாமல், 60 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பயிற்சி பெற்ற ஒரு குரல் சொல் சொல்லாகப் போய்ச் சேருகிறதே! பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம் இது.

ஏன் கேட்கிறது? சரிவு கூர்மையாக இருப்பதால் முன்னால் இருப்பவர் தலை ஒலியை மறைப்பதில்லை. கெட்டியான வட்டத் தரை ஒலியைத் திருப்பி மேலே அனுப்புகிறது. இன்னொரு காரணத்தை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டெக்லெர்க், டெக்கெய்ஸர் என்ற இருவர் 2007-இல் முன்வைத்தார்கள். படிபடியான இருக்கைகளே வடிகட்டியாக வேலை செய்து, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை அடக்குகின்றன. கூட்டத்தின் முணுமுணுப்பும் காற்றின் சலசலப்பும் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஒலிகள். குரலின் தாழ்ந்த பகுதியும் கூடவே போகும், ஆனால் அதை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

சோதிக்க விரும்பினால், காலையில் ஆள் இல்லாதபோது ஒருவர் மேலே போக, மற்றவர் நடுக்கல்லில் நின்று சாதாரணக் குரலில் ஏதாவது சொல்லுங்கள். பேசுபவருக்குத் தன் குரலே சுற்றிலுமிருந்து திரும்பி வருவது போலிருக்கும். அந்த உணர்வுக்காகவாவது நடுவில் நில்லுங்கள். பிறகு ஓர் அடி தள்ளி நின்று பேசினால் மாயம் குறைந்துவிடும். உரக்கப் பாடுவது, கூத்தடிப்பது வேண்டாம், காவலர்கள் விசில் ஊதுவார்கள்.

ஏன் ஒரு மருத்துவமனை வளாகத்தில் நாடகம்?

பத்து மணிக்குக் கூட்டம் வந்ததும் கீழே இறங்கிவிடுங்கள். இனிப் பார்க்க வேண்டியதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை.

எபிடாரஸ் அடிப்படையில் நோய் தீர்க்கும் தலம். அஸ்கிலிப்பியஸ் மருத்துவக் கடவுள்; பாம்பு சுற்றிய கோல் அவருடையது. நோயாளிகள் குளித்து, பலியிட்டு, 'அபாட்டோன்' என்ற நீண்ட மண்டபத்தில் இரவு படுப்பார்கள். கனவில் கடவுள் வந்து குணமாக்குவார், அல்லது என்ன செய்ய வேண்டுமென்று சொல்லுவார். வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். விளையாட்டரங்கம், விடுதி, குளியலறை, நாடக அரங்கம் எல்லாம் அதே வளாகத்தில். நோயாளிக்கு நாடகம் காட்டுவதை அவர்கள் பொழுதுபோக்காக மட்டும் நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. குறைந்தபட்சம் கடவுளின் திருவிழாவுக்குரிய காணிக்கையாக நினைத்தார்கள்.

அருங்காட்சியகம் சிறியது, ஆனால் குணமானவர்களின் கதைகளைச் செதுக்கிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கிளியோ என்ற பெண் ஐந்து வருடம் கர்ப்பமாக இருந்தாளாம். இங்கே வந்து ஓர் இரவு படுத்து எழுந்ததும் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு பிள்ளை தானே ஊற்றில் குளித்து அம்மாவோடு நடந்து போனதாம். இன்னொரு கதை ஏதென்ஸைச் சேர்ந்த அம்ப்ரோசியாவுடையது. ஒரு கண் தெரியாது. நொண்டி நடப்பதாவது, குருடு பார்ப்பதாவது, அதுவும் கனவு கண்டதற்கே என்று சிரித்துக்கொண்டே வந்தவள். கடவுள் கனவில் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வை என்றார். சந்தேகப்படுகிறவர்களை எப்படிக் கையாள வேண்டும் என்று அந்தக் காலத்துக் கோயில் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

அதே இடத்தில் இலை வேலைப்பாடுள்ள ஒரு கொரிந்தியத் தூண்தலைப்பைத் தேடுங்கள். மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. மற்றத் தூண்களுக்கு மாதிரியாகச் செதுக்கியது என்கிறார்கள். அது 'தோலோஸ்' என்ற வட்டக் கட்டடத்தைச் சேர்ந்தது. பவுசானியஸ் அதையும் பாலிக்ளிட்டஸ் கணக்கில்தான் எழுதுகிறார். தோலோஸின் தரைக்கு அடியில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சுற்றுப்பாதை ஓடுகிறது. வெளியே போய் அதை நேரில் பாருங்கள்.

பிறகு நேரமிருந்தால் விளையாட்டரங்கம் வரை நடங்கள். ஓட்டக்காரர்கள் கால் விரலை ஊன்றிய தொடக்கக் கோடு கல்லில் அப்படியே இருக்கிறது. கூட்டமே இருக்காது.

இந்த இடத்துக்கும் நாடகத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. கி.மு. 420-இல் அஸ்கிலிப்பியஸ் வழிபாடு எபிடாரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் போனபோது, கோயில் தயாராகும் வரை கடவுளைத் தன் வீட்டில் வைத்துக் காத்தவர் சோஃபக்ளீஸ் என்பது மரபுக் கதை. ஏதென்ஸில் அந்தக் கோயிலை அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், டயோனிசஸ் நாடக அரங்கத்தை ஒட்டியே கட்டினார்கள். ஆனால் சோஃபக்ளீஸ் இந்த எபிடாரஸ் அரங்கத்தைப் பார்த்ததில்லை. அவரும் யூரிப்பிடிஸும் கி.மு. 406 வாக்கில் இறந்துவிட்டார்கள்; இது கட்டப்பட்டது கி.மு. நான்காம் நூற்றாண்டின் பின்பாதியில். தொடக்கத்திலிருந்தே இங்கே நடந்தது பெரும்பாலும் பழைய நாடகங்களின் மறு நிகழ்த்தல்தான் என்று நினைக்கும்போது, இன்று நாம் போய் உட்காருவதும் அதே வரிசையில் சேர்ந்துவிடுகிறது.

இரவில் நாடகம்

மண்ணுக்குள் கிடந்த அரங்கத்தை 1881-இல் பனாயிஸ் கவாடியாஸ் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள். 1938-க்குப் பிறகு போர் குறுக்கிட்டது. 1955 முதல் ஆண்டுதோறும் கோடை விழா நடக்கிறது. 1960-இல் ஓபரா பாடகி மரியா காலாஸ் 'நோர்மா'வையும், அடுத்த வருடம் 'மீடியா' ஓபராவையும் இங்கே பாடினார்.

இப்போது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை, பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நாடகம். நிகழ்ச்சி நிரலை ஏதென்ஸ் எபிடாவ்ரோஸ் விழாவின் தளத்தில் வெளியிடுவார்கள். அறிவித்ததும் வாங்கிவிடுங்கள். உச்சிப் பகுதிச் சீட்டு மலிவு, நான் அதையே வாங்குவேன். விலை ஒரு காரணம், அந்த உயரத்திலிருந்து கோரஸ் வட்டத் தரையில் போடும் கோலம் முழுசாகத் தெரிவது பெரிய காரணம். முன்வரிசைக்காரர்களுக்கு முகம் தெரியும், கோலம் தெரியாது.

நாடகம் நவீன கிரேக்கத்தில் நடக்கும். ஆங்கில வாசகங்கள் திரையில் ஓடும். கதை முன்பே தெரிந்திருந்தால் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஊரில் நாடகம் படிக்கச் சொன்னதன் இன்னொரு பலன்.

நாடகம் இருட்டிய பிறகு ஒன்பது மணி வாக்கில்தான் தொடங்கும், நீங்கள் ஏழரைக்கே வந்துவிடுங்கள். ஒற்றைச் சாலையில் கார்கள் எறும்பு வரிசையாக நிற்கும். தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். குதிகால் செருப்புக்குத் தடை, கல் சேதமாகும் என்பதால். உணவும் கொண்டுபோக முடியாது. மெல்லிய சால்வை வைத்துக்கொள்ளுங்கள், பகல் எவ்வளவு காய்ந்தாலும் பதினொரு மணிக்குக் காற்று குளிரும். உட்காரப் பகலில் போட்ட அதே துண்டு.

சீட்டு வாங்கும்போதே திரும்பும் வழியையும் உறுதி செய்யுங்கள். நாடக நாட்களில் ஏதென்ஸிலிருந்தும் நாஃப்பிலியோவிலிருந்தும் சிறப்பு பஸ் விடுகிறார்கள். முடிந்ததும் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. நள்ளிரவில் டாக்சி பிடிக்கலாம் என்று நம்பி வெளியே வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு.

சாப்பாடு

லிகூரியோவில் நல்ல உணவகங்கள் இருக்கின்றன. விழா இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் அடுப்பு எரியும், நாடகம் முடித்த நடிகர்களும் பக்கத்து மேசைக்கு வருவார்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'லதெரா' என்று கேட்டால் ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி வகைகள் வரும். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த 'கெமிஸ்தா' கேளுங்கள், அதிலேயே கறி சேர்த்ததும் உண்டு என்பதால் விசாரித்துக்கொள்ளுங்கள். தக்காளிச் சாறில் வெந்த பெரிய மொச்சை 'கிகாண்டெஸ்', வேகவைத்த கீரை 'ஹோர்த்தா'. 'நிஸ்டிசிமோ' என்றால் விரதச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறாலும் கணவாயும் செல்லும், கவனம்.

வேறு அரங்கங்கள்

நாஃப்பிலியோ பக்கத்திலேயே ஆர்கோஸில் மலைப்பாறையிலேயே இருக்கைகளை வெட்டிய பெரிய அரங்கம் இருக்கிறது. அங்கே ஆளே இருப்பதில்லை, படிகள் செங்குத்து. டெல்பி அரங்கம் 35 வரிசைதான், ஆனால் உச்சியிலிருந்து அப்போலோ கோயிலும் பள்ளத்தாக்கும் சேர்ந்து தெரியும். ஏதென்ஸில் டயோனிசஸ் அரங்கம் இடிந்து கிடக்கிறது, கண்ணுக்கு விருந்து இல்லை. இருந்தாலும் எஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடிஸ் மூவரும் போட்டியிட்ட இடம் அதுதான். அருகிலேயே அழகாக நிற்கும் ஹெரோடெஸ் அட்டிகஸ் அரங்கத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் கிரேக்க அரங்கம் என்று படம் போடாதீர்கள். அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமர் ஆட்சியில் கட்டியது. வித்தியாசம் கண்டுபிடிக்கத் தரையைப் பாருங்கள்: முழு வட்டம் எபிடாரஸில், பாதி வட்டம் அங்கே.